பதினான்காம் தகவலாளர்

மார்ச் 9, 2025, ஞாயிறு

இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. இன்று காலை சர்ச்சில் பூசைக்குப் போய்த் திரும்பும்போது, சொந்தத் தெருவில், சொந்த வண்டியில், சொந்த மகளைக் கீழே போட்டேன்.

புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். பார்த்தும் ஏற்றினேன். பின்னால் கனம் குறைந்த மாதிரி இருந்தது. பத்தடி போன பிறகுதான் திரும்பினேன். புனிதா ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பத்தடியும் நான் அவளிடம் கதை பேசிக்கொண்டே போயிருக்கிறேன்.

வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு. ஆறு வாரம்.

"யாரும்மா ஓட்டினது?" என்று டாக்டர் கேட்டார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"எங்கப்பாதான் சார். அவரு டிரைவரு" என்றாள் புனிதா. அந்தக் கடைசி வார்த்தை தேவையா?

மார்ச் 10

கையைவிடப் பெரிய அடி வேறு. புனிதா எம்.ஏ. சமூகவியல், கடைசி வருஷம். ஆய்வறிக்கையை ஏப்ரல் பதினொன்றுக்குள் விழுப்புரத்தில் காலேஜில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

தலைப்பு: ஜவுளிக்கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்கள். முப்பது பெண்களிடம் பேசி மூன்று நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள். முதல் இரண்டு இயல்களை டிசம்பரிலேயே டைப் சென்டரில் அடித்து வாங்கிவிட்டாள். இன்னும் மூன்று இயல் பாக்கி. இடது கையால் ஒரு வரி அடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது.

வாயால் சொன்னால் லேப்டாப் தானே எழுதுமாமே என்று அதையும் பார்த்தோம். பக்கத்து வீட்டு கிரைண்டர் சத்தத்தில் அது பாதி எழுதியது. நடுவில் நான் "டீ குடிக்கிறியா" என்று கேட்டது சமூகவியலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டைப் சென்டர் செல்வகுமார், "இப்ப புராஜக்ட் சீசன்ணா, இருபது நாளைக்குக் கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

"நான் அடிக்கிறேன்" என்றேன்.

என் மனைவி அமலா அப்போதுதான் கடை வேலை முடிந்து வந்தாள். "உங்களுக்கு ஹார்னுதாங்க அடிக்கத் தெரியும்."

பத்தாவது பாஸ் நான். கணக்கில் மட்டும் இரண்டாவது தடவை. இருந்தாலும் பாஸ் பாஸ்தான். கீழே போட்டவன் நான், தூக்கிவிட வேண்டியவனும் நான்தான்.

மார்ச் 11

ஓய்வு நாள். எனக்கு ஒருநாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளெல்லாம் இனி லேப்டாப்தான்.

செல்போனில் அடிக்கிற மாதிரியேதான், ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வருகிறது. அது நல்லது. ஆனால் எழுத்தெல்லாம் வரிசையாகவா இருக்கிறது? ஏ பக்கத்தில் எஸ். யார் வைத்தது? காலையிலிருந்து மத்தியானம் வரை முக்கால் பக்கம். இரண்டே விரல். ஸ்டீயரிங் பிடித்த கை, ஒரு பொத்தானைத் தொட்டால் மூன்று இறங்குகிறது.

கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் கடைசியாகச் செய்த தப்பு இல்லாமல் போய்விடுகிறது. இதை வேகத்தடைக்கு முன்னால் யாராவது வைத்திருக்கலாம்.

மார்ச் 13

இன்று பேய் பிடித்தது. நடுவில் ஒரு சொல்லைச் சேர்க்கப் போனால், முன்னால் இருக்கிற எழுத்தையெல்லாம் தின்றுகொண்டே போகிறது. 'வேலை' சேர்த்தால் 'நேரம்' காணோம். 'நேரம்' அடித்தால் அடுத்தது காணோம். அரை மணி நேரம் போராடிவிட்டுத்தான் புனிதாவைக் கூப்பிட்டேன்.

"இன்சர்ட் பட்டன்ல கை பட்டிருக்குப்பா. திரும்ப ஒருவாட்டி அழுத்து, அவ்ளோதான்."

அழுத்தினேன். பேய் போய்விட்டது. அதன்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன்: தொடாதே.

மார்ச் 14

டூட்டி. கண்டக்டர் பூமாலையிடம் டைப் அடிக்கிற கதையைச் சொல்லி வாயை விட்டேன். விக்கிரவாண்டி வரைக்கும் அவன் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அண்ணன் இப்ப கம்ப்யூட்டர் இன்ஜினியரு. ஓரமா நில்லுங்க, அவரு பிரேக் போட மவுசைத் தேடுவாரு!"

மார்ச் 17

மூன்றாம் இயல் முடித்தேன் என்று நினைத்தேன்.

புதுத் தலைப்பு புதுப் பக்கத்தில் வர வேண்டும் என்று என்டர், என்டர், என்டர் என்று இருபது தடவை தட்டி இறக்கி வைத்திருந்தேன். அட்டவணையில் எண்களை நேராக நிறுத்த இடைவெளி பட்டனாலேயே தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இன்று முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான். தலைப்பெல்லாம் பக்கத்து நடுவில் தொங்குகிறது. ஒரு பெண்ணின் வயது அடுத்த பெண்ணின் குழந்தை எண்ணிக்கையில் போய் நிற்கிறது. யாருக்கோ முப்பத்தெட்டுக் குழந்தை!

புனிதா சிரித்துச் சிரித்துக் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீ பஸ்ஸை இறங்கித் தள்ளிக்கினே விழுப்புரம் போயிருக்க. அதுக்குத்தான் இன்ஜினு இருக்கே." கன்ட்ரோலோடு என்டர் அழுத்தினால் ஒரேயடியாக அடுத்த பக்கம் போகிறது. அட்டவணைக்குத் தனியாகக் கட்டம் போட்டுத் தருகிறது.

எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டேன். சாயந்திரம் ஆறு மணி. இப்போது முதல் பக்கத்தில் பத்து வரி சேர்த்தாலும் அசையாது. வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தேன். அசையவில்லை.

மார்ச் 19

கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. காலையிலிருந்து அடித்த இரண்டு பக்கமும் போனது. நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன், தவக்காலம்.

பிறகு திறந்தபோது ஒன்றேகால் பக்கத்தை அதுவே எடுத்து வைத்திருந்தது. கடவுளுக்கும் அதற்கும் நன்றி. இனி நாலு வரிக்கு ஒருதரம் சேமிக்கிறேன்.

மார்ச் 21

சென்டரில் அடித்த முதல் இரண்டு இயல்களையும் இதோடு சேர்க்கலாம் என்று திறந்தால், தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பத்தொன்பது பக்கம். புனிதா முகம் வெளுத்துப்போனது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செல்வகுமாரிடம் போனேன்.

"பழைய ஃபான்ட்டுண்ணா. அது எங்க சிஸ்டத்துல இருக்கிறதால தமிழாத் தெரியுது. உங்களுதுல இல்ல, அதான்."

"அப்ப காலேஜில திறந்தா?"

"அங்கியும் இப்படித்தான் பேஜாராத் தெரியும்."

இதை டிசம்பரிலேயே சொல்ல மாட்டானா மனுஷன்? சண்டை போட நேரமில்லை. பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றித் தருகிற இணையப் பக்கம் ஒன்றை அவரே காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அதில் போட்டு, வந்ததை எடுத்து இதில் ஒட்டினேன். எண்களும் புள்ளிகளும் மட்டும் கன்னாபின்னாவென்று வந்தன. அச்சடித்த பழைய தாளைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். பார்ப்போம். பார்ப்பது என்ன, முடிக்கிறேன்.

மார்ச் 23

பத்தொன்பது பக்கமும் தமிழாகிவிட்டது. கண்தான் தமிழா இங்கிலீஷா என்று தெரியாமல் எரிகிறது.

மார்ச் 25

மூன்றாம் இயலைப் புனிதாவின் வழிகாட்டி கலைப்பிரியா மேடத்துக்கு அனுப்பியிருந்தோம். திரும்பி வந்தது. ஒரே சிவப்பு. என் பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர்கூட இவ்வளவு சிவந்ததில்லை.

மேடம் நீக்கிய சொல்லின் மேல் சிவப்புக் கோடு. சேர்த்த சொல் சிவப்பு எழுத்தில். ஓரத்தில் பெட்டி பெட்டியாகக் குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஏற்றுக்கொள் அல்லது நிராகரி என்று அழுத்த வேண்டுமாம். எனக்குக் கண் கூசுகிறது என்றேன். புனிதா ஒரு இடத்தை அழுத்தி, சிவப்பெல்லாம் மறைந்து சுத்தமாகத் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தாள். "உனக்குத் தெரியாது, ஆனா உள்ள எல்லாம் இருக்கும்பா" என்றாள். சரி சரி என்றேன். பாதிதான் காதில் விழுந்தது.

மார்ச் 29

நான்காம் இயல். பெண்கள் சொன்னதைச் சொன்னபடியே அடிக்க வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். தகவலாளர் ஒன்று, தகவலாளர் இரண்டு என்று.

கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். எனக்குத் தெரியாது. ஒரு பெண் இருக்கை இருக்கிறது, அதில் துணி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

பதினான்கு வந்தது. வயது 43. கணவர் ஓட்டுநர். சரி, ஏழாவது பெண்ணின் கணவரும் ஓட்டுநர்தானே என்று அடித்துக்கொண்டே போனேன். நோட்டில் இருந்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"பதினோரு வருஷமா சுடிதார் செக்‌ஷன்ல நிக்கிறேன். கஸ்டமர் இல்லாதப்பவும் நிக்கணும். சாஞ்சா கேமராவுல பாத்துட்டுக் கூப்பிடுவாங்க. வூட்டுக்கு வந்தா சமையலு, அதுவும் நின்னுக்கினுதான். படுக்கும்போது ரெண்டு காலையும் சுவத்து மேல தூக்கி வெச்சிக்குவேன். எங்க வூட்டுக்காரரு நல்லவரு. குடிக்க மாட்டாரு. தமாஷா பேசுவாரு. காலைத் தூக்கி வெச்சா, 'இன்னாடி, பல்லிக்குப் போட்டியா சுவரு ஏறுறியா'ம்பாரு. நான் சிரிப்பேன். சிரிக்கும்போதும் வலிக்கும். ஏன் தூக்கி வெக்கிறன்னு மட்டும் ஒருநாளும் கேட்டதில்ல."

திண்டிவனத்தில் தமாஷ் பேசுகிற டிரைவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இருக்கட்டும். பல்லி தமாஷ் என்னுடையது. அதை அமலாவைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

அடித்து முடித்தேன். எழுத்து விடாமல் அடித்தேன். புனிதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேறு ஏதோ நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தைப் புரட்டவேயில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

மார்ச் 30

டூட்டி. கூட்டேரிப்பட்டில் நிறுத்தாமல் போய்விட்டேன். பூமாலை விசிலை ஊதி ஊதிக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. "இன்னாணா ஆச்சு உனக்கு?" தெரியவில்லை என்றேன்.

ஏப்ரல் 1

நான்காம் இயல் மேடத்திடமிருந்து திரும்பி வந்தது. சிவப்பு குறைவு. போன தடவை மாதிரியே புனிதா சிவப்பை மறைத்து வைத்துக் கொடுத்தாள். பதினான்குக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "மிக நன்று. இதை முடிவுரையிலும் குறிப்பிடுங்கள். வாய்மொழித் தேர்விலும் படியுங்கள்."

அதாவது இரண்டு இடத்தில். அப்புறம் வெளியூர் வாத்தியார்கள் முன்னால் சத்தமாக வேறு.

ஏப்ரல் 2

காலை. புனிதா குளிக்கப் போயிருந்தாள். மேடம் சொன்ன திருத்தங்களைச் செய்துகொண்டே வந்தேன். பதினான்கு வந்தது. சுட்டியால் மேலிருந்து கீழ்வரை இழுத்தேன். நீலமாயிற்று. டெலிட்.

போய்விட்டது. கீழே இருந்த பதினைந்தாம் பெண் மேலே ஏறி வந்து, அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்கிற மாதிரி நின்றாள். குறிப்பும் அதோடு போனது. எவ்வளவு சுலபம்!

முப்பதில் இருபத்தொன்பது இருக்கிறது, ஒன்று குறைந்தால் ஆய்வு சாகுமா — இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அவளை அடித்ததுண்டா? குடித்ததுண்டா? ஊரில் எவன் என்னைவிட... சரி. எழுத எழுத எனக்கே கேவலமாக இருக்கிறது.

நானே மெயிலில் கோர்த்து மேடத்துக்கு அனுப்பினேன். "பரவால்லியே, அட்டாச்மென்ட்லாம் போடக் கத்துக்கின" என்றாள் புனிதா.

ஏப்ரல் 4

மேடத்திடமிருந்து திரும்பி வந்துவிட்டது. இன்று திறந்தது புனிதா, இடது கையால். திறந்ததும் முழுச் சிவப்பையும் காட்டுகிற மாதிரி மாற்றினாள். அப்போதுதான் பார்த்தேன்.

பதினான்கு அங்கேயே இருக்கிறது. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. வரிக்கு வரி மேலே சிவப்புக் கோடு மட்டும். நான் சுத்தமாகத் தெரிகிற பக்கத்தில் இருந்ததால் எனக்குத்தான் தெரியவில்லை. மேடத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் கேட்டிருக்கிறார்: "புனிதா, இதை ஏன் எடுத்தீர்கள்? அறிக்கையிலேயே என்னை நிறுத்திவைத்த பத்தி இது. காரணம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் திரும்ப வையுங்கள்."

லேப்டாப் புனிதாவுடையது. அதனால் அழித்த இடத்தில் அவள் பெயரே விழுந்திருக்கிறது.

புனிதா சுட்டியை அந்தப் பத்தியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கை பட்டிருக்கும்பா" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு இன்சர்ட்டு பட்ட மாதிரி."

எனக்கு ஒதுங்கிப் போக அவள் ஓரமாக இடம் விடுகிறாள். எதிரே வருகிற வண்டிக்கு நான் விடுகிற மாதிரி.

"கை படல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். "அப்ப நீயே பாத்து முடிவு பண்ணு. நீ என்ன அழுத்தினாலும் அப்படியே மேடத்துக்குப் போவட்டும். நான் கேக்க மாட்டேன்." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டே பொத்தான். ஏற்றுக்கொள் என்றால் நான் அழித்ததை ஏற்றுக்கொண்டதாகும், பத்தி நிஜமாகவே போய்விடும். நிராகரி என்றால் நான் செய்ததை நிராகரித்ததாகும், பத்தி நிற்கும். தப்பி மாற்றி அழுத்திவிடக் கூடாது என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

நிராகரி. கோடு மறைந்தது. எழுத்து கறுப்பாயிற்று.

பிறகு ஐந்தாம் இயலான முடிவுரையைத் திறந்தேன். மேடம் சொன்னபடி அங்கேயும் அதைக் குறிப்பிட்டு நாலு வரி, புனிதாவின் நோட்டைப் பார்த்து, இரண்டு விரலால் அடித்தேன்.

ஏப்ரல் 5

டூட்டி முடிந்து நான் முதலில் வந்துவிட்டேன். அமலா கடையிலிருந்து உள்ளே நுழைந்ததும் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். "உக்காரு. சோறு நான் வடிச்சிட்டேன்."

அவள் பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் நிற்கிற என் வண்டியை எட்டிப் பார்த்தாள். "எங்க இடிச்சிங்க?"

"எங்கியும் இடிக்கல."

"பஸ்ஸையா?"

உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சோறும் குழைந்துதான் போயிருந்தது.

ஏப்ரல் 6

அமலாவிடம் கேட்டுவிட்டேன். காலை எதுக்குத் தூக்கி வைக்கிறாய் என்று.

"ரத்தம் எறங்கறதுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

ஏப்ரல் 8

கடைசிச் சண்டை பக்க எண்ணோடு. முன்னுரை, நன்றியுரைக்கெல்லாம் வேறு மாதிரி எண், முதல் இயலிலிருந்து ஒன்று, இரண்டு என்று வர வேண்டும். ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறுகிறது. அறிக்கையை இரண்டு துண்டாகப் பிரித்து, பின்துண்டு முன்துண்டைப் பார்த்து எண் போடாதே என்று சொல்ல வேண்டுமாம். அந்த இணைப்பைக் கண்டுபிடித்துக் கழற்ற மூன்று மணி நேரம். புனிதாவைக் கூப்பிடவில்லை. கழற்றிவிட்டேன்.

பொருளடக்கத்தை அதுவே போட்டுக்கொள்கிறது. ஒரு அழுத்து, பக்க எண்ணோடு வந்து நிற்கிறது. நான் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய பஸ்ஸில் இப்படி ஒரு பட்டன் கிடையாது.

எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கினேன். எந்தக் கடையில் திறந்தாலும் எழுத்து இனி மாறாது.

ஏப்ரல் 10

விழுப்புரம். எண்பத்தாறு பக்கம், காலேஜுக்கு மூன்று பிரதி, வீட்டுக்கு ஒன்று, நீல அட்டை பைண்டிங். ஒருநாள் முன்னதாகவே கொடுத்தாயிற்று. இன்று எனக்கு ஓய்வு, எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே பயணியாகப் போனேன். புனிதா ஆபீசில் கையெழுத்துப் போடும்போது இடது கையால் கிறுக்கினாள். "எழுத்து மாறுதே?" என்றார் அங்கே இருந்தவர். மாவுக்கட்டைக் காட்டினாள். "எப்படிம்மா ஆச்சு?" என்றார்.

இந்தத் தடவை நானே சொன்னேன். "நான்தாங்க. டிரைவர்."

ஏப்ரல் 12

அமலாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அரை நாள் லீவு கேட்டு, அவர்கள் முனகி, அவள் பயந்து, நான் கடைக்கே போய் நின்று, அப்புறம்தான் கிடைத்தது. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறதாம். பல வருஷமாகவே இருக்கும் என்றார் டாக்டர். இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார், ஒரு மணிக்கு ஒருதரம் உட்கார வேண்டும் என்று கடைக்கு ஒரு சீட்டும். சீட்டில் டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் பெரிய எழுத்தில் அதையே அடித்து, சீட்டோடு சேர்த்து நானே கொண்டுபோய் மேனேஜரிடம் கொடுத்தேன். இருக்கைச் சட்டத்தையும் ஒரு வரி சேர்த்திருந்தேன். நான்காம் இயலில் அடித்தது, மனப்பாடம்.

ஏப்ரல் 16, புதன்

அமலாவுக்கு வார விடுமுறை. மேனேஜர் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாராம், இரண்டு பேருக்கு ஒன்று. "மொறைச்சிக்கினேதான் போட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கென்று வைத்த பிரதியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். பதினான்கு இருக்கிற அறுபத்தோராம் பக்கம் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நீங்களே அடிச்சதுதானா?"

"ஆமா."

"எல்லாமுமா?"

"ஒரு எழுத்து விடாம."

அவள் மூடவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

நடுவில் இரண்டு நாள் அந்தப் பத்தி இல்லாமல் இருந்தது, இல்லாமல் செய்தவன் நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை.